இந்தியப் பிஸ்டன் பேனா வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

நம் நாட்டில் பெயர் வாங்கிய மைப்பேனாக்களில் பெரும்பாலானவை பிஸ்டன் பேனாக்கள் அல்ல. ராஜமுந்திரியின் ரத்னம், கைடர், ஹைதராபாத்தின் டெக்கான், சென்னை பாரிமுனையின் காமா, திருவள்ளூரின் ரங்கா என்று யாரை எடுத்துக்கொண்டாலும் அவர்கள் பெயர் வாங்கியது ஐடிராப்பர் பேனாக்களில்தான். அதாவது நிப் பொருத்திய கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் உடலுக்குள் நேரடியாக மை ஊற்றும் பேனா. எபோனைட் என்கிற கெட்டி ரப்பர் கம்பியை லேத்தில் கடைந்து, நடுவே துளைபோட்டு, மரை வெட்டினால் மைக்கூடு தயார். உள்ளே அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. கெட்டுப்போக என்ன இருக்கிறது?

பிஸ்டன் அப்படி இல்லை. வாலில் உள்ள குமிழைத் திருப்பினால் உள்ளே மரைத்தண்டு சுழல வேண்டும், அது பிஸ்டனை முன்னும் பின்னும் நகர்த்தி மையை உள்ளே இழுக்க வேண்டும், பிஸ்டனின் முனையில் உள்ள சீல் உடலின் உட்சுவரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒட்டிப்போக வேண்டும். கடைசல்காரரின் கைத்திறன் இங்கே பாதி வழிதான் உதவும். மீதி, அச்சில் வார்த்த சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பாகங்களின் துல்லியத்தில் இருக்கிறது. இந்தியப் பேனாக்களின் உடல் அழகு, நிப் இரண்டும் பல சமயம் விலைக்கு மேலேயே இருக்கும். சறுக்குவது பிஸ்டனில். வாங்குகிறவர்களோ நிறத்தையும் நிப்பையும் பார்த்துவிட்டுப் பிஸ்டனைப் பார்க்காமல் பணம் கட்டுகிறார்கள். கீழே வரும் தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவைதான்.

பிஸ்டன் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்புவது

விற்பனைப் பக்கங்களில் ‘பிஸ்டன்’ என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். கன்வர்ட்டரும் (பேனாவுக்குள் செருகிக் கழற்றும், மை இழுக்கும் சிறு குழல்) ஒரு சின்ன பிஸ்டன்தானே என்று அதையும் அந்தப் பெயரிலேயே விற்பவர்கள் உண்டு. ‘மூன்று வழி’ என்று சொல்லப்படும் பேனாக்கள் கார்ட்ரிட்ஜ் (மை நிரப்பியே வரும் குப்பி), கன்வர்ட்டர், ஐடிராப்பர் மூன்றுக்கும் பொருந்துபவை. நல்ல வசதிதான், ஆனால் அவை பிஸ்டன் பேனா அல்ல.

உண்மையான பிஸ்டன் பேனாவில் உடலே மைக்கூடு. மூடியைக் கழற்றி வாலைப் பார்த்தால் தனியாகச் சுழலும் குமிழ் இருக்கும். சில மாதிரிகளில் அந்தக் குமிழ் ஒரு சிறு வால்மூடிக்குள் மறைந்திருக்கும். கான்பூரில் செய்யப்படும் கான்ரைட் ஹெரிட்டேஜ் இந்த வகை. அமெரிக்கப் பெயரில் விற்கப்பட்டாலும் இந்தியாவில் தயாராகும் எஃப்பிஆர் (ஃபவுண்டன் பென் ரெவல்யூஷன்) இண்டஸ், எஃப்பிஆர் டில்லி, நூட்லர்ஸ் கான்ராட் ஆகியவையும் அப்படியே. அதே நூட்லர்ஸின் ஆஹாப் வேறு கதை. அதில் திருகும் வேலை இல்லை, ஊசிபோடும் சிரிஞ்சு மாதிரி தண்டை இழுத்துத் தள்ள வேண்டும். கான்ராடுக்கும் ஆஹாபுக்கும் வித்தியாசம் தெரியாமல் வாங்கிவிட்டுக் குமிழைத் திருப்பிப் பார்த்துக் குழம்பியவர்கள் பலர்.

கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: “அண்ணே, வால்குமிழைத் திருப்பும்போது பிஸ்டன் நகர்வது தெரிகிற மாதிரி ஒரு வீடியோ அனுப்புங்க.” நிஜமான பிஸ்டனாக இருந்தால் அனுப்புவதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை.

முதல் பேனாவையே ஒளிபுகாத உடலில் வாங்குவது

எபோனைட்டின் அழகை மறுக்க முடியாது. ஆனாலும் முதல் பிஸ்டன் பேனா உள்ளே தெரிகிற கண்ணாடி போன்ற உடலோடு இருக்கட்டும், குறைந்தது மை தெரியும் ஒரு ஜன்னலாவது இருக்கட்டும். மை எவ்வளவு மிச்சம் என்பது ஒரு காரணம். பிஸ்டனுக்குப் பின்னால் மை கசிந்திருக்கிறதா என்று பார்க்க முடிவது அதைவிடப் பெரிய காரணம். ஒளிபுகாத உடலில் கசிவு உங்களுக்குத் தெரியவரும்போது குமிழின் இடுக்கு வழியாக விரலிலும் சட்டைப்பையிலும் மை வந்திருக்கும். 1929-இல் ஜெர்மனியின் பெலிக்கான் தன் முதல் பிஸ்டன் பேனாவை விட்டபோதே மையளவு தெரியும் ஜன்னலோடுதான் விட்டது.

கண்ணாடி உடலுக்கு ஒரு குறை உண்டு. சிவப்பும் ஊதாவும் கறை பிடிக்கும். அந்த நிறங்கள்தான் வேண்டும் என்றால் கறையோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

வந்த அன்றே மையை நிரப்புவது

இது ரொம்பப் பேர் செய்வது. மை ஏற்றிய பேனாவை எந்தக் கடைக்காரரும் மகிழ்ச்சியோடு திரும்ப எடுக்கமாட்டார். முதலில் தண்ணீர்.

சாதாரணத் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் ஒரு சொட்டுக் கலந்து, நான்கைந்து முறை இழுத்து வெளியே தள்ளுங்கள். லேத்திலும் அச்சிலும் ஒட்டிய எண்ணெய் போகும். புதுப் பேனா விட்டுவிட்டு எழுதுவதற்கு இந்த எண்ணெய்தான் பல சமயம் காரணம். பிறகு வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். வெந்நீர் வேண்டாம், எபோனைட் நிறம் மங்கும். ஸ்பிரிட், சானிடைசர் பக்கமே போகாதீர்கள். பல பிளாஸ்டிக்குகளில் அது வெடிப்பு விட வைக்கும்.

இப்போது சோதனை. முழுக்கத் தண்ணீர் இழுத்து, வெளியே துடைத்து, நிப் மேலே பார்க்க நிறுத்தி வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பிஸ்டனுக்குப் பின்னால் ஈரம் தெரிகிறதா பாருங்கள். அடுத்து நிப் கீழே பார்க்க ஒரு டம்ளருக்குள் டிஷ்யூ தாளுக்கு மேலே இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். தாள் லேசாக ஈரமானால் பரவாயில்லை. தண்ணீர் சொட்டிக் கூடு காலியானால் பேனாவைத் திருப்பி அனுப்புங்கள்.

கசிவுக்கு நிப்பைக் குற்றம் சொல்வது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல நிப்புகள் வீணாய்ப் போவது இங்கேதான்.

பேனாவைக் கவிழ்த்துப் பிடித்தாலும் மை ஏன் கொட்டுவதில்லை? மைக்கூட்டுக்குள் காற்று வர ஒரே வழிதான் உண்டு. நிப்புக்கு அடியில் இருக்கும் ஃபீட் என்கிற கட்டையில் உள்ள மெல்லிய வாய்க்கால்தான் அது. எழுதும்போது கொஞ்சம் மை இறங்கும், அந்த இடத்துக்குக் கொஞ்சம் காற்று ஏறும். எழுதாதபோது அந்த வாய்க்கால் மையாலேயே அடைபட்டிருக்கும், அதனால் மேலே உள்ள மை அப்படியே நிற்கும்.

இப்போது பிஸ்டன் சீல் சரியாக ஒட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். வால் வழியாகக் காற்று நுழையும். காற்று பின்னால் வந்ததும் முன்னால் மை சொட்டும். சொட்டுவது நிப்பில், பழுது வாலில். நம் ஆட்களோ நிப்பைக் கழற்றி அழுத்துகிறார்கள், இடைவெளியைக் குறைக்கிறார்கள், கட்டையைச் சூடாக்கி வளைக்கிறார்கள். எபோனைட் கட்டையைச் சூடாக்கி நிப்போடு படியவைப்பது உண்மையிலேயே ஒரு வழிமுறைதான். அதே வேலையைப் பிளாஸ்டிக் கட்டையில் செய்தால் அது உருகிக் கோணலாகும். எந்தக் கட்டை என்று தெரியாமல் சூடு காட்டவே கூடாது.

மேலே சொன்ன இரவுச் சோதனை இதைப் பிரித்துக் காட்டும். கழுத்து மரையிலும் காற்று நுழையலாம் என்பதால், கழற்றக்கூடிய கழுத்தாக இருந்தால் முதலில் அதை இறுக்கிப் பாருங்கள், பிறகு பிஸ்டனைச் சந்தேகியுங்கள், நிப் கடைசி. மை இழுக்கும்போது நிப் முழுக்க முங்கியிருந்தும் பாதிக் கூட்டுக்கு மேல் ஏறவில்லையா? அதுவும் சீல் சரியில்லை என்பதற்கு ஒரு அடையாளம். நிப் முங்குவது என்றால் நுனி மட்டும் அல்ல, கழுத்தின் விளிம்பு வரை முங்க வேண்டும். இல்லாவிட்டால் மைக்குப் பதில் காற்றைத்தான் இழுப்பீர்கள்.

தேங்காய் எண்ணெய்

பிஸ்டன் இறுகிவிட்டால் வீட்டில் கைக்குக் கிடைப்பது தேங்காய் எண்ணெய், வாசலின், தையல் மெஷின் எண்ணெய். மூன்றும் வேண்டாம். தாவர எண்ணெய் நாளடைவில் பிசுக்காகும், மையோடு கலந்து கட்டையின் வாய்க்காலை அடைக்கும். வாசலினும் மெஷின் எண்ணெயும் பெட்ரோலியப் பொருட்கள், ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். வேண்டியது சிலிக்கான் கிரீஸ் மட்டும். பேனாக் கடைகளில் சின்ன டப்பியில் கிடைக்கும்.

பல்குத்தும் குச்சி நுனியில் எடுக்கும் அளவு போதும். நிப்பும் கட்டையும் வெளியே வரும் பேனா என்றால் அவற்றை எடுத்துவிட்டு, முன்பக்கம் வழியாக உடலின் உட்சுவரில் தடவி, பிஸ்டனை மேலும் கீழும் ஓட்டினால் தானே பரவும். நிப் திருகிக் கழல்கிறதா, நேராக இழுத்தால் வருகிறதா என்பதை வாங்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். நூட்லர்ஸில் இழுக்க வேண்டும். திருக வேண்டியதை இழுப்பதும் இழுக்க வேண்டியதைத் திருகுவதும் கட்டையின் துடுப்புகளை உடைக்கும்.

கூடவே இன்னொன்று: குமிழ் நின்ற பிறகும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று திருகாதீர்கள். தண்டின் மரை பிளாஸ்டிக். ஒருமுறை மரை வழுக்கிவிட்டால் சுழலும், நகராது.

கண்ட மையை ஊற்றுவது

சுலேகா, பிரில், கேமல் மாதிரி மைப்பேனாவுக்கென்றே வரும் சாதாரண மைகள் போதும். படம் வரையும் நீர்புகா கறுப்பு மை வேறு. அதில் அரக்கு இருக்கும், பிஸ்டனுக்குள் காய்ந்தால் பேனாவின் கதை முடிந்தது. மினுமினுப்புத் துகள் கலந்த மைகளும் பிஸ்டன் பேனாவுக்கு ஏற்றவை அல்ல. சீலின் மடிப்பில் துகள் தங்கிவிட்டால் எத்தனை முறை அலசினாலும் வந்துகொண்டே இருக்கும்.

வாரத்துக்கு ஒரு நிறம் மாற்றும் ஆள் நீங்கள் என்றால், சரி, பிஸ்டனே வேண்டாம். கன்வர்ட்டரைக் கழற்றிக் குழாயில் காட்டிவிடலாம், பிஸ்டனைத் தண்ணீர் தெளியும் வரை திருப்பித் திருப்பி அலச வேண்டும். நாள் முழுக்க ஒரே நீல மையில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களுக்குத்தான் இந்த வகை லாபம். கன்வர்ட்டரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மை பிடிக்கும்.

வெயிலை மறப்பது

கூட்டில் மை குறையக் குறைய காற்று கூடும். அந்தக் காற்று கைச்சூட்டிலும் வெயிலிலும் விரிந்து மையை நிப் வழியாகத் தள்ளும். ஐடிராப்பரில் பாதிக்கூடு காலியானதும் நோட்டில் சொட்டு விழும் பழைய தொல்லை இதனால்தான். பிஸ்டன் பேனாவில் இது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. வெளியூர் கிளம்பும்போது முழுக்க நிரப்பிக்கொள்ளுங்கள், அல்லது காலியாக எடுத்துப் போங்கள். மை ஏற்றியதும் இரண்டு மூன்று சொட்டைப் புட்டியிலேயே திரும்ப விட்டு, நிப்பை மேலே பார்க்கத் திருப்பி, குமிழை முழுக்க மூடினால் கட்டையில் தேங்கிய கூடுதல் மை உள்ளே போய்விடும். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் வைத்துவிட்டுப் போனால் உடலே வளையலாம்.

புது நூட்லர்ஸ், எஃப்பிஆர் பேனாக்கள் சிலவற்றில் ஒரு புளித்த வாடை வரும். தாவரச் செல்லுலோஸிலிருந்து செய்த பிளாஸ்டிக்கின் இயல்பு அது. பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, மூடியைத் திறந்து காற்றாட வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மூக்கு கூர்மையானவர்கள் அக்ரிலிக் உடலாகப் பார்த்து வாங்கலாம்.

‘பயன்படுத்தாத பழைய ஸ்டாக்’

பழைய இந்தியப் பிஸ்டன் பேனாக்கள் புத்தம் புதிதாகப் பெட்டியோடு விற்பனைக்கு வருவதுண்டு. எழுதாத பேனாவிலும் சீல் காய்ந்து கெட்டியாகும். கையில் வந்ததும் ஆவலில் குமிழைத் திருப்பினால், ஒட்டிக்கொண்ட சீல் அங்கேயே நிற்க, தண்டு முறியும். நிப் பக்கத்தைச் சாதாரணத் தண்ணீரில் ஒருநாள் ஊறவிடுங்கள், உடலுக்குள்ளும் ஃபில்லரால் தண்ணீர் விடுங்கள். பிறகு கால் சுற்று, திரும்பக் கால் சுற்று என்று மெதுவாகப் பழக்குங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் நிறுத்திக்கொண்டு, பேனா பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அந்த மாதிரிக்கு இன்னும் சீல் கிடைக்கிறதா என்பதை மட்டும் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். கிடைக்காது என்றால், பேனா விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது அலமாரியில் வைத்துப் பார்க்கத்தான்.