இறக்கத்தில் வலிக்கும் முட்டி: நீலகிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ முட்டிவலியோடு நடமாடும் யாரைக் கேட்டாலும், “ஏற்றம்கூடப் பரவாயில்லை, இறக்கம்தான் உயிரை எடுக்கிறது” என்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. இறங்கும்போது உடல் முன்னால் சரியாமல் ஒவ்வோர் அடியிலும் பிடித்து நிறுத்துவது முன்தொடைத் தசை. அந்த இழுப்பில் முட்டிச்சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. தசை வலுவாக இருந்தால் சுமையில் பெரும்பங்கை அது வாங்கிக்கொள்ளும். மெலிந்துவிட்டால் அத்தனையும் மூட்டுக்குப் போகும்.

வலி வந்தவுடன் நடையை அடியோடு நிறுத்துவது பெரிய தவறு என்று சொல்வது இதனால்தான். “தேய்மானம்” என்று எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டால், நடந்தால் மேலும் தேயும் என்று பயந்து நாற்காலியோடு ஒட்டிக்கொள்கிறார்கள். தேய்வது எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு; அதற்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு மடங்கி நீளும்போது மூட்டுத் திரவத்தின் வழியாகத்தான் அதற்குச் சத்து போய்ச் சேருகிறது. சில வாரங்கள் உட்கார்ந்தே இருந்தால் தொடை இளைத்து, மறுபடி இறங்கும்போது வலி கூடுதலாகத் திரும்பி வரும். வீக்கமும் கடும் வலியும் உள்ள சில நாட்களுக்குச் செங்குத்தான இறக்கத்தை மட்டும் தவிர்த்து, பள்ளி மைதானம் போலக் கிடைக்கிற சமதளத்தில் நடக்கலாம். உடல் பருமன் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு: ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது.

பிசியோதெரபி என்றாலே “கரண்ட் வைப்பது” என்று நம் ஊரில் பதிந்துவிட்டது. பத்து நாள் கரண்ட் வைத்துக்கொண்டு, கற்றுக்கொடுத்த பயிற்சியை வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். இந்த மருத்துவத்தின் உயிரே அந்தப் பயிற்சியில்தான் இருக்கிறது. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். அந்தத் துண்டைத் தரையோடு நசுக்குவது போல முட்டியால் கீழே அழுத்தி 5 விநாடி அப்படியே வைத்திருந்து, பிறகு தளர்த்துங்கள். அழுத்தும்போது முன்தொடையில் கை வைத்துப் பார்த்தால் தசை கல்லாக இறுக வேண்டும். இறுகாவிட்டால் பயிற்சி சரியாக நடக்கவில்லை. இது பழகியதும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்காருங்கள். அந்த மெதுவான உட்காருதல்தான் இறக்கத்துக்கான ஒத்திகை. செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலையிலும் அந்த வலி அடங்காமலிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இரண்டாம் வாரத்தில் “ஒன்றும் கேட்கவில்லை” என்று விடுபவர்களே அதிகம்.

இனி சீன மருத்துவம். குளிரும் காற்றும் ஈரமும் உடலில் புகுந்து உயிர்ச்சக்தியின் ஓட்டத்தை அடைப்பதால் மூட்டு வலிக்கிறது என்பது அதன் பழைய விளக்கம். மூடுபனியிலேயே வாழ்கிற நமக்கு இது உடனே மனதில் ஒட்டிக்கொள்கிறது. குளிரில் மூட்டு இறுகுவது உண்மை. கம்பளியும் வெந்நீர் ஒத்தடமும் இதமாக இருக்கும். ஆனால் குளிர் குருத்தெலும்பைத் தேய்ப்பதில்லை. மெல்லிய ஊசிகளைக் குத்தும் அக்குபங்சர் சிகிச்சை பற்றி மருத்துவ உலகம் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்களின் அமைப்பு 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் முட்டித் தேய்மானத்துக்கு அதை நிபந்தனையோடு ஏற்றது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வேண்டாம் என்றது. உடற்பயிற்சியை இரண்டுமே வலியுறுத்தின. சீனர்களின் தாய் சீ எனும் மெல்லசைவுப் பயிற்சியை அமெரிக்க வழிகாட்டுதல் அழுத்தமாகவே பரிந்துரைக்கிறது. ஆகவே என் கருத்து இது: ஊசியால் வலி தணிந்தால் அந்த இடைவெளியைப் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள். வலி போய்விட்டதென்று பயிற்சியை விட்டால் போட்ட ஊசியும் வீண்.

ஊசி ஒவ்வொரு முறையும் புதிய உறையிலிருந்து எடுக்கப்படுகிறதா என்று கண்ணால் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாசிபத்திரி இனத்து இலையைக் கொளுத்திச் சூடு காட்டும் முறையும் சீன மருத்துவத்தில் உண்டு. அந்தச் செடியின் ஓர் இனத்துக்கு நீலகிரியின் பெயரே அறிவியல் பெயராக இருக்கிறது. நம் மலையில் முளைப்பதுதானே என்று வீட்டில் செய்து பார்க்காதீர்கள். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குச் சுட்டுப் புண்ணான பிறகுதான் தெரியும். பெயர்ச்சீட்டு இல்லாத மூலிகை மாத்திரைகளைத் தொடவே வேண்டாம். இரண்டே நாளில் வலி பறந்தால், ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

ஊட்டிக் கடைகளில் விற்கும் தைலங்களையும் சொல்லியாக வேண்டும். யூகலிப்டஸ் தைலம் தேய்த்தால் தோலில் சூடு ஏறும், மூட்டுக்குள் போய் எதையும் வளர்க்காது. விண்டர்கிரீன் என்ற செடியின் எண்ணெயில் ஆஸ்பிரினின் உறவான மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். தேய்த்த இடத்தில் ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்துவிடும். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், சிறிதளவு விழுங்கினாலே ஆபத்து.

கைத்தடியை வலிக்கிற பக்கத்தில் பிடிப்பதும் எங்கும் காணும் தவறு. வலது முட்டி வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில் போகட்டும்.

முட்டி சிவந்து கொதித்துக் காய்ச்சலும் வந்தாலோ, விழுந்தபின் காலை ஊன்றவே முடியாவிட்டாலோ, மூட்டு மடங்கிய நிலையில் சிக்கிக்கொண்டாலோ, கெண்டைக்கால் திடீரென வீங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மற்றபடி, எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்து நகரத்துக்கு வர முடியாத முதியவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யக் கேளுங்கள்.