வேட்டைத் தோட்டா உறையில் ஒரு பேனா

பேனாவின் கீழ்ப்பாதிக்கு .308 வின்செஸ்டர் என்ற வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவின் காலிப் பித்தளை உறையைத்தான் நான் எடுப்பேன். அதன் நீளம் 51 மி.மீ. பேனா கிட் விற்கும் கடைகளில் 'ஸ்லிம்லைன்' என்று கேட்டால் கிடைக்கும் பித்தளைக் குழாய் சுமார் 53 மி.மீ. மிஞ்சும் துண்டை வெட்டிவிட்டால் அளவு சரியாக உட்கார்ந்துவிடும். .223 உறை ஒல்லி. அதன் கழுத்துக்குள், அதாவது குறுகிய வாய்ப்பகுதிக்குள், இந்தக் குழாய் நுழையாது. .30-06 உறை 63 மி.மீ. என்பதால் கீழ்ப்பாதிக்கு ஒத்துவராது.

நான் இருக்கும் பென்சில்வேனியாவில், நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை மான் வேட்டைக்கான துப்பாக்கிப் பருவம் தொடங்கும். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தார் ஒற்றை உறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். மகள் முதன்முதலாக மான் அடித்த உறை, அப்பாவின் பழைய துப்பாக்கியில் கடைசியாகச் சுட்ட உறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சேதி இருக்கும். சுடுதளத்தில் வாளி வாளியாகவும் உறை கிடைக்கும். பழகுவதற்கு அது போதும். ஆனால் ஒருவருக்குக் கொடுக்கும் பேனாவை அவருடைய உறையில்தான் செய்ய வேண்டும் என்பது என் கொள்கை. அதில் இருக்கும் கீறல், கறை எதையும் நான் அழிப்பதில்லை. எல்லாவற்றையும் தேய்த்துத் தங்கம் மாதிரி மினுக்குவதென்றால் புதுக் குழாயே வாங்கிக்கொள்ளலாமே!

முதல் வேலை, உறை நிஜமாகவே காலியா என்று பார்ப்பது. அடியில் வட்டமாகத் தெரியும் ப்ரைமரில், அதாவது தோட்டாவைப் பற்றவைக்கும் சிறு வில்லையில், துப்பாக்கியின் ஊசி குத்திய பள்ளம் இருக்க வேண்டும். வாய் வழியாக டார்ச் அடித்தால் உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது. பள்ளம் இல்லாத ப்ரைமர் வெடிக்கக்கூடியது, தொடாதீர்கள். முழுத் தோட்டாவைப் பிரித்து உறை எடுக்கும் எண்ணமே வேண்டாம்.

சுட்ட ப்ரைமரை டீகேப்பிங் டை என்ற கருவியின் ஊசியால் வெளியே தள்ளலாம். அமெரிக்க உறைகளில் நடுவில் ஒரே துளை இருப்பதால் இது சுலபம். பெர்டன் வகை ப்ரைமர் போட்ட பழைய ராணுவ உறைகளில் நடுவில் துளை இருக்காது, ஓரமாக இரண்டு இருக்கும். அவற்றை ஒதுக்கிவிடுங்கள். ப்ரைமர் மருந்தில் ஈயச் சேர்மம் உண்டு. அந்தக் கரி உள்ளே ஒட்டியிருக்கும். அதனால் உலர்ந்த நிலையில் சுரண்டவோ ஊதவோ கூடாது. கையுறை போட்டு, வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு, மெல்லிய ஸ்டீல் ஊசிகள் எல்லாம் சேர்த்து டம்ளர் என்ற சுழலும் உருளை இயந்திரத்தில் ஓட விட்டால் உள்ளும் புறமும் சுத்தமாகும். சமையலறைப் பாத்திரம், சிங்க் இரண்டையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

அம்மோனியா கலந்த பாலிஷை மட்டும் இதில் போடவே கூடாது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த இந்தப் பித்தளையை இழுத்து நீட்டி உறையாக்கும்போது உள்ளே ஓர் இறுக்கம் தங்கிவிடும். அம்மோனியா பட்டால் அந்த இடத்தில் விரிசல் விடும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் உறைகள் இப்படித்தான் தாமாக விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921-ல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. அந்த இறுக்கத்தைத் தணிக்கத்தான் தொழிற்சாலையில் கழுத்தைச் சூடு காட்டுகிறார்கள். மிசூரி மாநிலத்து லேக் சிட்டி ஆலையின் ராணுவ உறைகளில் அந்தச் சூட்டு நிறம் நீலமும் பழுப்புமாக அப்படியே தெரியும். அது உறையின் அழகு. நான் அதில் உப்புத்தாள் படவே விடமாட்டேன்.

அடுத்தது துளை. ப்ரைமர் இருந்த குழி 5.3 மி.மீ. அகலம், அதை 7 மி.மீ. ஆக்க வேண்டும். பித்தளை ட்ரில் பிட்டைத் திடீரென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். உறையைக் கையால் பிடித்துத் துளைத்தால் விரல் போய்விடும். சிறிய லேத்தில் காலட் சக் (சுற்றிலும் சமமாக இறுக்கும் பிடிப்பான்) வைத்துப் பிடியுங்கள். ட்ரில் பிட்டின் வெட்டு விளிம்பை எண்ணெய்க் கல்லில் லேசாகத் தேய்த்து அதன் கூர்ச்சாய்வை மழுக்கிவிட்டால் இழுக்காது. பழைய மெஷினிஸ்டுகள் எல்லோரும் செய்யும் வேலை இது. 5.5, 6, 6.5, 7 என்று படிப்படியாக, மெதுவான வேகத்தில் போங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். முடிந்ததும் பிசிரை எடுத்துவிடுங்கள்.

குழாயின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எபாக்சி பசை தடவி உள்ளே விட வேண்டும். அடிப்பக்கம் அது கச்சிதமாக நிற்கும். கழுத்துப் பக்கம் இடைவெளி இருக்கும், குழாய் ஒரு பக்கமாகச் சாயும். அங்கே குழாயின் மேல் மெல்லிய டேப்பைச் சில சுற்று சுற்றி நடுவில் நிறுத்துங்கள். சாய்ந்து காய்ந்த குழாயை அப்புறம் திருத்த முடியாது. ஒரு ராத்திரி காயட்டும். மறுநாள் மிஞ்சிய குழாயை உறையின் மட்டத்துக்கு வெட்டிச் சமன் செய்யுங்கள்.

மேல்பாதிக்கு மரம். பென்சில்வேனியா செர்ரி மரம் பித்தளையின் நிறத்தோடு நன்றாகச் சேரும். அதே மானின் கொம்புத் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. கொம்பைக் கடையும்போது தூசி முகமூடி போடுங்கள், நாற்றமும் இருக்கும். பலர் மரத்தை உறையின் அடி அளவான 12 மி.மீ.க்கே கடைவார்கள். நான் சேரும் இடத்தில் 8.5 மி.மீ. வரை இறக்குவேன். அப்போதுதான் உறையின் அடியில் பொறித்த எழுத்துகளும் எண்களும் பெரும்பாலும் வெளியே தெரியும். லேக் சிட்டி உறையென்றால் 'எல்.சி.' என்ற எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு எண்களும் இருக்கும். பேனா வாங்குபவர் முதலில் தேடுவது அதைத்தான்.

ராணுவ வீரரின் இறுதிச் சடங்கில் மூன்று முறை சுடும் மரியாதையின் உறைகளைச் சில குடும்பங்கள் கொண்டுவருவதுண்டு. எம்-1 கராண்ட் துப்பாக்கியில் சுட்ட .30-06 வெற்றுத் தோட்டாவின் (குண்டு இல்லாதது) உறையாக இருந்தால் அதை மேல்பாதியில் வைத்துவிடுகிறேன். நீளமான குழாய் வாங்கிக்கொண்டால் அங்கே நீளம் பிரச்சினையில்லை. வாயை மடித்து மூடியிருந்த சுருக்கங்கள் சுட்டபின் இதழ் இதழாக விரிந்திருக்கும். கை கிழிக்காத அளவுக்கு நுனியை மட்டும் மழுக்கி, மடிப்பின் தடத்தை விட்டுவிடுவேன். அந்தக் குடும்பத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். துளை போட்டபின் பழையபடி ஆக்க முடியாது.

பொருத்துவதற்கு மரத்துண்டு வைத்த வைஸே போதும். நிப்பைக் கழுத்துப் பக்கம் அழுத்துங்கள். திருகினால் முனையை வெளியே தள்ளும் ட்விஸ்ட் இயந்திரத்தை அடிப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு முறையும் ரீஃபிலைப் போட்டுத் திருகிப் பாருங்கள். அதிகம் இறங்கிவிட்டால் முனை உள்ளே போகாது. கிளிப்பும் மூடியும் மேல்பாதியில்.

நிப்புக்குப் பதில் நிஜத் தோட்டாவின் முனையைத் துளைத்து வைக்கும் வழக்கம் உண்டு. உள்ளே ஈயம் என்பதால் அதை நான் சொல்லித்தர மாட்டேன். ஊருக்குப் போகும்போது இந்தப் பேனாவைப் பரிசாக எடுத்துச் செல்லவும் வேண்டாம். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்பதற்கான விளக்கத்தில் அதன் பாகங்களும் அடங்கும்; விமான நிலையத்தில் ஒரு காலி உறையே போலீஸ் வரை கொண்டுபோய்விடும்.

மை தீர்ந்தால் மேல்பாதியை நேராக இழுத்துக் கழற்றி, உள்ளே தெரியும் ரீஃபிலை இடப்பக்கமாகத் திருகி எடுங்கள். புதியது 'க்ராஸ்' வகை என்று கேட்டு வாங்குங்கள்.