ஆப்பிரிக்கன் சிக்லிட் தொட்டியில் யாரோடு யாரை விடக்கூடாது

கோடையில் ஏரித்தண்ணீர் உள்வாங்கும்போது ஓரத்துச் சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம் இருக்கும். ஜிலேபிக் கெண்டை வாயால் மண்ணை அள்ளித் துப்பித் தோண்டிய குழிகள் அவை. ஓர் ஆண் மீன் ஒரு குழியைப் பிடித்துவிட்டால் வேறு ஆணைக் கிட்டே அண்டவிடாது. பெண் மீன் முட்டையிட்டு, அந்த முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் தூண்டில் பிடித்து வளர்ந்த எல்லாருக்கும் இந்த மீனைத் தெரியும். ஆனால் அதன் தாயகம் ஆப்பிரிக்கா. 1952-இல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதுவும் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அக்வேரியம் கடையில் மஞ்சளும் நீலமுமாக மின்னுகிற ஆப்பிரிக்கன் சிக்லிட்டும் அதே குடும்பம், குணமும் கிட்டத்தட்ட அதேதான். ஏரியில் விரட்டு வாங்கிய மீன் பத்தடி தள்ளிப் போய்ப் பிழைத்துக்கொள்ளும். வீட்டில் நாலடித் தொட்டிக்குள் அது எங்கே போகும்? துணை மீன் வாங்கும்போது நாம் செய்கிற தவறுகள் எல்லாம் இந்தக் கேள்வியை மறந்துவிடுவதால் வருபவை.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. நம் பக்கத்துக் கடைகளுக்குப் பெரும்பாலும் சென்னை கொளத்தூரிலிருந்துதான் மீன் வருகிறது. ஒன்றரை அங்குலக் குஞ்சுகளை ஒரே தொட்டியில் கொட்டி 'ஆப்பிரிக்கன் மிக்ஸ்' என்று விற்பார்கள். "எல்லாம் ஒண்ணாவே வளர்ந்த மீனுங்க சார், சண்டை போடாது" என்பார்கள். அந்த வயதில் போடாது என்பது உண்மைதான். இடம் பிடிக்கும் புத்தி, மீன் பருவத்துக்கு வந்த பிறகுதான் முழுதாக வெளிப்படும். அதற்குச் சில மாதங்கள் ஆகும்.

ஆப்பிரிக்கன் என்பது ஒரு வகை மீனின் பெயரும் அல்ல. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மலாவி ஏரியைச் சேர்ந்தவை, கொஞ்சம் தங்கனீக்கா ஏரியைச் சேர்ந்தவை. மலாவிக்குள்ளேயே பாறை இடுக்கில் வாழும் எம்புனா வேறு, மணல் பரப்பில் இரை தேடும் பீகாக் வேறு, நடுத்தண்ணீரில் மற்ற மீன்களை வேட்டையாடும் பெரிய மீன்கள் வேறு. எம்புனா நான்கைந்து அங்குலத்தோடு நின்றுவிடும். வேட்டை மீனான வீனஸ்டஸ் பத்து அங்குலம் வளரும். தங்கனீக்காவின் ஃப்ரண்டோசா ஓரடி வரை போகும். பார்க்கச் சாதுவாக மெல்ல நீந்தினாலும், சின்ன மீன்கள் உறங்கும் இருட்டில் அவற்றை விழுங்கக்கூடியது. அதே தங்கனீக்காவில் காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் மல்டி என்ற இரண்டு அங்குல மீனும் உண்டு. இவை எல்லாமே ஆப்பிரிக்கன் சிக்லிட்தான். அதற்காக ஒரே தொட்டியில் போட முடியுமா?

சிக்லிட் என்ற பெயரை மட்டும் பார்த்து ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கர், பேரட் மீன்களைக் கூடவே விடுகிறவர்களும் இருக்கிறார்கள். வாஸ்து மீன் என்று நம் ஊரில் விற்கும் ஃப்ளவர்ஹார்ன், மத்திய அமெரிக்கச் சிக்லிட்களைக் கலந்து 1990-களில் மலேசியாவில் உருவாக்கிய மீன். அதற்குத் தனித்தொட்டிதான் சரி. ஆஸ்கர் அமேசான் பக்கத்து மீன். அது உடம்பில் பெரிதாக இருந்தாலும், சுறுசுறுப்பான எம்புனாக் கூட்டம் அதன் துடுப்புகளைக் கொத்திக் கிழித்துவிடும்.

இனி, நான் மீன்களைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்ட விஷயம். மஞ்சக்குப்பத்து வீட்டில் என் முதல் நாலடித் தொட்டிக்கு ஆறு எல்லோ லேப் வாங்கினேன். எலுமிச்சை மஞ்சள், முதுகுத் துடுப்பில் ஒரு கறுப்புக் கோடு, எம்புனாக்களில் சாதுவானது. அதோடு நீலத்தில் கறுப்புப் பட்டை போட்ட ஐந்து குஞ்சுகள். மஞ்சளும் நீலமும், பார்க்க அப்படி ஓர் அழகு. ஏழெட்டு மாதம் போனது. நீலக் குஞ்சுகளில் பெரியது மங்க ஆரம்பித்தது. நோய் என்று பயந்து மருந்துகூட ஊற்றினேன். இரண்டு வாரத்தில் அது முழு மஞ்சளாக மாறி நின்றது. அந்த மீனின் பெயர் கென்யி. குஞ்சும் பெண்ணும் நீலம், வளர்ந்த ஆண் மஞ்சள். மஞ்சளான அன்றிலிருந்து அது எல்லோ லேப்களைத் துரத்த ஆரம்பித்தது. தன் பெண்களைவிட, மற்ற நீல மீன்களைவிட, இவற்றைத்தான் குறிவைத்தது. ஒருநாள் விடியற்காலை விளக்கைப் போட்டபோது, தொட்டியின் மேல்மூலையில் ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு லேப் செருகிக்கொண்டு நின்றது. வால் இருந்த இடத்தில் வெறும் தண்டு. செவுள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தனி வாளிக்கு மாற்றியும் மதியம் வரை தாங்கவில்லை.

ஆண் சிக்லிட் தன்னைப் போலவே இருக்கும் மீனைத்தான் முதல் எதிரியாகப் பார்க்கும். தன் பெண்ணுக்கும் தன் பாறைக்கும் போட்டிக்கு வரக்கூடியது அதுதானே. அதனால் துணை மீன் பார்க்கும்போது குஞ்சின் நிறத்தை நம்பாதீர்கள், வளர்ந்த ஆணின் நிறத்தைக் கேளுங்கள். மஞ்சளுக்கு மஞ்சள், நீலப்பட்டைக்கு நீலப்பட்டை வேண்டாம். ஒருவர் ஆராட்டஸ் குஞ்சுகளை மஞ்சள் கோடுகளின் அழகுக்காக வாங்கியிருப்பார். ஆண் வளர்ந்ததும் உடம்பு கறுத்துவிடும், தொட்டியையே தன் பேரில் எழுதிக்கொள்ளும். முதன்முதலாக வளர்ப்பவர்கள் ஆராட்டஸையும் கென்யியையும் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பீகாக் வகைகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. அவற்றின் பெண்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், எது எந்த வகை என்று கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டு மூன்று வகைப் பெண்களைச் சேர்த்துவிட்டால் கலப்புக் குஞ்சுகள்தான் வரும்.

ஜோடியாக வாங்குவதும் தவறு. ஓர் ஆண், ஒரு பெண் என்றால் அந்தப் பெண் ஓடியே செத்துப்போகும். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் வேண்டும். டெமசோனி என்ற சின்ன நீல மீனை ஐந்தாறாக வைத்தால் ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். பன்னிரண்டுக்கு மேல் வைத்தால் அடி பங்குபோட்டுப் போய், கூட்டம் நிலைத்து நிற்கும்.

இதைக் கேட்டுவிட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம்போல என்று நினைக்கவேண்டாம். 4 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரம் கொண்ட தொட்டி விளிம்பு வரை ஏறத்தாழ 255 லிட்டர். கல்லும் மணலும் போக 200-ஐ ஒட்டித்தான் தண்ணீர் நிற்கும். அதில் மூன்று நான்கு வகைகளாகப் பதினெட்டிலிருந்து இருபது எம்புனா வைக்கலாம். பெரிய ஃபில்டரும், வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவதும் கட்டாயம். இவை காரத்தன்மையுள்ள தண்ணீரில் வாழ்பவை. காரத்தன்மையை அளக்கும் எண்ணான பிஹெச் 7-இல் நூற்றில் ஒரு பங்குகூட நச்சாக மாறாத அமோனியா, 8.5-இல் நூற்றுக்குப் பதினைந்து பங்கு நச்சாகிறது. சாதாரணத் தொட்டியில் மன்னிக்கப்படும் சோம்பல் இங்கே ஒரே நாளில் மீனைக் கொல்லும். மின்சாரத்தையும் யோசியுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையேறிய பிறகு கடலூரில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. கூட்டமான தொட்டிக்கு ஏர் பம்ப் நின்றால் சில மணி நேரம்தான் கணக்கு. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இல்லாமல் இந்த மீன்களை இந்தக் கடற்கரையில் வளர்க்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் பக்கத்தில் ஒரு குழப்பம் உண்டு. கடலோரத்து போர் தண்ணீர் கரிக்கிறது என்றால், ஆப்பிரிக்கனுக்கு ஏற்றது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கரிப்பது சமையல் உப்பாலும் இருக்கலாம். இவற்றுக்கு வேண்டியது கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் கலந்த கடினநீர், பிஹெச் சுமார் 7.8 முதல் 8.6 வரை. தெருவுக்குத் தெரு போர் தண்ணீர் மாறுவதால் சோதனைக் குப்பி வாங்கிப் பார்ப்பதுதான் வழி. கேன் தண்ணீரையே ஊற்றுகிறவர்களும் உண்டு. ஆர்.ஓ. நீரில் இந்தத் தாதுக்கள் ஏறக்குறைய இருக்காது. தண்ணீர் மென்மையாக, அதாவது தாதுக்கள் குறைவாக இருந்தால், தேவனாம்பட்டினத்துக் கரையில் ஒதுங்கும் காலிக் கிளிஞ்சல்களைப் பலமுறை அலசிக் காயவைத்து ஃபில்டருக்குள் போட்டால் மெல்லக் கரைந்து கைகொடுக்கும். பவளக்கல்லைத் தேடிப் போகாதீர்கள், பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. இப்படிப்பட்ட தண்ணீரில் நியான் டெட்ராவும் டிஸ்கஸும் நலியும். அவை மென்மையான அமிலநீர் மீன்கள், சண்டையே இல்லாவிட்டாலும் கூட்டுக் கிடையாது. கப்பிக்குத் தண்ணீர் ஒத்துவரும், ஆனால் அது தீனியாகிவிடும்.

தீனி என்றதும் சொல்லவேண்டியது ஒன்று. எம்புனா பாறைமேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும் மீன். அதற்கேற்ப அதன் குடல் நீளம். பக்கத்தில் மாமிசம் தின்னும் மீனை விட்டு, அதற்காகப் புழுவும் இறாலும் போட்டால் எம்புனாவும் போட்டி போட்டு விழுங்கும். பிறகு வயிறு உப்பும், தீனியைத் துப்பும், வெள்ளை நூல் போல மலம் தொங்கும். மலாவி உப்புசம் என்று சொல்லும் இந்த நோய் முற்றினால் காப்பாற்றுவது அரிது. ஒரே சாப்பாடு ஒத்துவராத மீன்களை ஒரே தொட்டியில் சேர்க்காதீர்கள். ஸ்பைருலினா என்ற பாசி கலந்த உருண்டைத் தீனி எம்புனாவுக்குப் போதும்.

சிக்லிட் அல்லாத துணைகளும் உண்டு. இரவில் நடமாடும் சைனோடான்டிஸ் கெளுத்தி நல்ல தேர்வு. அதில் குயில் கெளுத்தி என்று ஒன்று. சிக்லிட் முட்டையிடும் நேரம் பார்த்துத் தன் முட்டைகளையும் கலந்துவிடும். தாய் சிக்லிட் அவற்றையும் வாயில் எடுத்துக்கொள்ளும். முதலில் பொரியும் கெளுத்திக் குஞ்சு அந்த வாய்க்குள்ளேயே சிக்லிட் குஞ்சுகளைத் தின்றுவிடும். குஞ்சு எடுக்க நினைப்பவர்கள் அதைத் தவிர்க்கவேண்டும். மேல்தட்டில் நீந்த போசமானி ரெயின்போ, ஜெயன்ட் டேனியோ கூட்டமாக இருந்தால் தாக்குப்பிடிக்கும். பாசி தின்னும் என்று கடையில் கொடுக்கும் சாதாரண சக்கர் மீன் மட்டும் வேண்டாம். அது ஓரடிக்கு மேல் வளரும். அதற்குப் பதில் பிரிஸ்டில்நோஸ் என்ற சின்ன சக்கரைக் கேளுங்கள், கையளவோடு நின்றுவிடும். வளர்ந்துவிட்டது, அடிக்கிறது என்று எந்த மீனையும் ஊசுட்டேரியிலோ கெடிலம் ஆற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

புது மீனை நேரே தொட்டியில் விடக்கூடாது. மூன்று வாரமாவது தனித்தொட்டியில் வையுங்கள். விடுகிற நாளில் பழைய மீன்களுக்கு முதலில் தீனி போட்டு, கற்களையெல்லாம் எடுத்து வேறு மாதிரி அடுக்குங்கள். யாருடைய குகையும் யாருக்கும் இல்லாதபடி எல்லாரும் புதிதாகத் தொடங்கட்டும். விளக்கை அணைத்துவிட்டு, ஒற்றையாக விடாமல் நாலைந்தாகச் சேர்த்து விடுங்கள். தாடை உப்பி, மூன்று வாரமாய்த் தீனி எடுக்காமல் முட்டை காத்த பெண்ணைத் தனியே எடுத்து வைத்திருந்தாலும், வாயிலிருந்து குஞ்சுகளை விட்டவுடன் திரும்பச் சேர்க்காதீர்கள். ஒரு வாரம் நன்றாகத் தின்று தேறட்டும். எந்த மீனைத் தொட்டியில் விட்டாலும், மறுநாள் காலை விளக்கைப் போட்டதும் முதலில் மேல்மூலைகளைப் பாருங்கள். துடுப்பை மடக்கி அங்கே ஒதுங்கி நிற்கிற மீன் இருந்தால் அடுத்த நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.