சிஎச்ரூட் பிழைகள்: லைவ் யுஎஸ்பி வழியாக லினக்ஸைச் சீரமைக்கும்போது எங்கே பார்க்க வேண்டும்

பூட் ஆகாமல் நின்றுவிட்ட லினக்ஸ் கணினியை லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலேயே லினக்ஸை இயக்கும் யுஎஸ்பி) எழுப்பி, வட்டில் உள்ள நிறுவலுக்குள் சிஎச்ரூட் மூலம் நுழைந்து சரிசெய்வது வழக்கமான முறை. 1979-இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் காலத்திலிருந்தே இருந்துவரும் இந்தக் கட்டளை ஒரே ஒரு வேலையைத்தான் செய்கிறது: ஒரு நிரலுக்கு '/' (ரூட், எல்லாக் கோப்புகளுக்கும் மேலான அடைவு) என்பது எந்த அடைவைக் குறிக்கும் என்பதை மாற்றுகிறது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் மாறுவதில்லை, சாதனங்களும் நெட்வொர்க்கும் மாறுவதில்லை, உள்ளே நுழைந்த பிறகும் ஓடிக்கொண்டிருப்பது யுஎஸ்பியிலிருந்து வந்த கெர்னலே. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை ஏன் வருகின்றன என்பது தானாகவே விளங்கும்.

நுழைவதற்கு முன்

முதலில் 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' கட்டளையால் பார்ட்டிஷன்களையும் (வட்டின் பிரிவுகள்) அவற்றின் கோப்பு முறைமைகளையும் பாருங்கள். கணினி திடீரென அணைந்து பழுதாகியிருந்தால், எதையும் மவுண்ட் செய்யும் (ஓர் அடைவில் இணைக்கும்) முன்பே ஃபைல் சிஸ்டம் சோதனையை முடித்துவிடுங்கள். மவுண்ட் ஆகியிருக்கும் பார்ட்டிஷனில் அதை ஓட்டக் கூடாது. பிறகு ரூட் பார்ட்டிஷனை /எம்என்டி-யில் மவுண்ட் செய்து, /எம்என்டி/ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து படியுங்கள். /பூட் தனிப் பார்ட்டிஷனா, ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் எங்கே இணைகிறது, /யுஎஸ்ஆர் அல்லது /வார் தனியாக இருக்கிறதா என்பதையெல்லாம் அந்தக் கோப்பே சொல்லிவிடும். நினைவை நம்பி மவுண்ட் செய்வதைவிட இது எப்போதும் மேல்.

மவுண்ட் செய்யும்போது 'அன்னோன் ஃபைல்சிஸ்டம் டைப்' என்று வந்து, அதன் பக்கத்தில் லக்ஸ் (வட்டுக் குறியாக்கம்) என்றோ எல்விஎம் (பார்ட்டிஷன்களைத் தொகுத்துப் பிரிக்கும் முறை) என்றோ இருந்தால் வட்டு கெடவில்லை. ஒரு படி விடுபட்டிருக்கிறது. லக்ஸ் என்றால் 'கிரிப்ட்செட்டப் ஓப்பன்' மூலம் திறக்க வேண்டும். எல்விஎம் என்றால் 'விஜிசேஞ்ச் -ஏஒய்' மூலம் உயிர்ப்பிக்க வேண்டும். லக்ஸைத் திறக்கும்போது கொடுக்கும் பெயர், ஈடிசி அடைவிலுள்ள கிரிப்ட்டேப் கோப்பில் (குறியாக்கிய சாதனங்களின் பட்டியல்) உள்ள பெயராகவே இருக்கட்டும். ஏதோ ஒரு பெயரில் திறந்துவிட்டு உள்ளே போய் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் கெர்னல் பயன்படுத்தும் கோப்புத் தொகுதி) உருவாக்கினால், கருவியால் அந்தச் சாதனத்தைக் கிரிப்ட்டேப் வரியோடு பொருத்த முடியாமல் போகலாம். அப்படி உருவான கோப்போடு பூட் செய்தால் கடவுச்சொல் கேட்கும் கட்டமே வராமல் கணினி நின்றுவிடக்கூடும்.

கோப்பு இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது

அதிகம் பேரைத் தடுமாற வைக்கும் செய்தி இதுதான்: 'ஃபெயில்ட் டு ரன் கமாண்ட் /பின்/பேஷ்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. இதற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கின்றன, திரையில் தெரியும் வாசகமோ, ஷெல்லின் பெயரைத் தவிர, எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

எளியது, தவறான பார்ட்டிஷனை மவுண்ட் செய்திருப்பது. /எம்என்டி-யில் ஈடிசி, யுஎஸ்ஆர், வார் ஆகியவை தெரியாமல் பயனர் பெயரில் ஓர் அடைவு மட்டும் தெரிந்தால், அது ஹோம் பார்ட்டிஷன். '@' என்றும் '@ஹோம்' என்றும் இரண்டு அடைவுகள் தெரிந்தால், அது பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை. உண்மையான ரூட் '@' என்ற துணைத் தொகுதிக்குள் இருக்கிறது. மவுண்டைக் கழற்றிவிட்டு, 'சப்வால்=@' என்ற விருப்பத்தோடு மீண்டும் மவுண்ட் செய்யுங்கள். ஃபெடோரா லினக்ஸில் அந்தத் தொகுதியின் பெயர் 'ரூட்'.

அடுத்தது ஷெல், அதாவது பேஷ் போன்று கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல். எந்தக் கட்டளையும் கொடுக்காமல் நுழைந்தால், சிஎச்ரூட் லைவ் சூழலில் நீங்கள் பயன்படுத்தும் ஷெல்லையே உள்ளேயும் தேடும். ஆர்ச் லினக்ஸின் நிறுவல் யுஎஸ்பியில் ரூட் பயனருக்கு (நிர்வாகி) இஸட்-ஷெல் இருக்கிறது. வட்டில் உள்ள நிறுவலில் அது இல்லாவிட்டால் பிழை வரும். 'சிஎச்ரூட் /எம்என்டி /பின்/பேஷ்' என்று ஷெல்லின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். மூன்றாவது காரணம், /யுஎஸ்ஆர் தனிப் பார்ட்டிஷனாக இருந்து இன்னும் மவுண்ட் ஆகாதிருப்பது. இன்றைய விநியோகங்களில் /பின் என்பது யுஎஸ்ஆர்/பின் அடைவைச் சுட்டும் வெறும் இணைப்பு. இலக்கு இல்லாதபோது இணைப்பால் பயனில்லை.

நான்காவது காரணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். /எம்என்டி/பின்/பேஷ் கோப்பை 'எல்எஸ்' காட்டுகிறது, அளவும் சரியாக இருக்கிறது, இயக்கும் அனுமதியும் இருக்கிறது; ஆனாலும் 'இல்லை' என்றே பதில் வருகிறது. இங்கே இல்லாதது பேஷ் அல்ல, பேஷை நினைவகத்தில் ஏற்றும் லோடர். 'ஃபைல்' கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஓட்டினால், வெளியீட்டில் இன்டர்ப்ரெட்டர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு பாதை தெரியும். 64-பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் அது /லிப்64 அடைவில் உள்ள எல்டி-லினக்ஸ் கோப்பு. கெர்னல் முதலில் அதைத்தான் தேடுகிறது. அது கிடைக்காதபோது, பிழையில் பேஷின் பெயரே வந்து நம்மைத் தவறான இடத்தில் தேட வைக்கிறது. பேக்கப்பை அரைகுறையாக மீட்டெடுத்தபோதோ கை தவறியோ /லிப்64 இணைப்பு அழிந்திருந்தால், 'எல்என் -எஸ் யுஎஸ்ஆர்/லிப்64 /எம்என்டி/லிப்64' என்று மீண்டும் உருவாக்குங்கள். இலக்கை முன்னால் சாய்கோடு இல்லாமல் எழுதுங்கள். சாய்கோட்டோடு தொடங்கும் இணைப்பை வெளியிலிருந்து சோதித்தால் அது லைவ் யுஎஸ்பியின் கோப்பைக் காட்டி, எல்லாம் சரியாக இருப்பதுபோன்ற பொய்த் தோற்றத்தைத் தரும்.

இதற்கு மாறாக, 'எரர் வைல் லோடிங் ஷேர்ட் லைப்ரரீஸ்' என்று வந்தால் லோடர் நன்றாக இருக்கிறது என்று பொருள், ஏனெனில் அந்தச் செய்தியை எழுதுவதே லோடர்தான். எந்த நூலகம் இல்லை என்று அது பெயரோடு சொல்லும். அதே விநியோகத்தின் அதே பதிப்பு லைவ் யுஎஸ்பியாக இருந்தால், அந்தக் கோப்பைத் தற்காலிகமாக நகலெடுத்து வைத்து உள்ளே நுழைந்து, உரிய தொகுப்பை முறையாக மீண்டும் நிறுவிக்கொள்ளலாம்.

'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்பது கட்டமைப்பு பொருந்தாததைக் குறிக்கும்: 32-பிட் லைவ் யுஎஸ்பியால் 64-பிட் நிறுவலுக்குள் நுழைய முடியாது. 'பெர்மிஷன் டினைட்' வந்தால் பார்ட்டிஷன் 'நோஎக்ஸெக்' விருப்பத்தோடு மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' வந்தால் நீங்கள் ரூட் பயனராக இல்லை.

உள்ளே நுழைந்த பிறகு

பூட் லோடரான கிரப்பைச் சரிசெய்யும்போது வரும் 'கிரப்-ப்ரோப்: கேனாட் ஃபைண்ட் எ டிவைஸ் ஃபார் /' என்ற பிழை, சாதனங்களைக் காட்டும் /டெவ் அடைவு உள்ளே வரவில்லை என்பதன் அடையாளம். வெளியே வந்து, /டெவ், /ப்ராக், /சிஸ், /ரன் ஆகிய நான்கையும் இணைக்க வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிகள்:

மவுண்ட் --ஆர்பைண்ட் /டெவ் /எம்என்டி/டெவ்
மவுண்ட் --மேக்-ஆர்ஸ்லேவ் /எம்என்டி/டெவ்

இரண்டாவது வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், முடிவில் /எம்என்டி-யை மொத்தமாகக் கழற்றும்போது லைவ் சூழலின் சொந்த மவுண்டுகளும் சேர்ந்து கழன்று, புதிய டெர்மினல்கூடத் திறக்காமல் போகலாம். இவை அனைத்தையும் கையால் செய்ய விரும்பாதவர்கள் ஆர்ச்-சிஎச்ரூட் கருவியைப் பயன்படுத்தலாம். டெபியனிலும் அது தொகுப்பாகக் கிடைக்கிறது.

அதே கிரப்-ப்ரோப் '/கௌ' என்றோ 'ஏர்ரூட்எஃப்எஸ்' என்றோ ஒரு பாதையைக் குறிப்பிட்டுப் புகார் செய்தால், நீங்கள் சிஎச்ரூட்டுக்குள் இல்லை. அவை லைவ் யுஎஸ்பியின் ரூட்டுக்கு உரிய பெயர்கள். நானும் ஒருமுறை பக்கத்து டெர்மினலில் கட்டளையை அடித்துவிட்டு, கிரப்பின் அமைப்புக் கோப்புகளில் நெடுநேரம் குறை தேடியிருக்கிறேன்.

'ஈஎஃப்ஐ வேரியபிள்ஸ்' குறித்த எச்சரிக்கை வந்தால், முதலில் லைவ் சூழலில் /சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ அடைவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் யுஎஸ்பி பழைய பயாஸ் முறையில் பூட் ஆகியிருக்கிறது. பூட் மெனுவில் யுஇஎஃப்ஐ என்று தொடங்கும் வரியைத் தேர்ந்து மறுபடி தொடங்குவதே வழி. அடைவு இருந்தும் எச்சரிக்கை வந்தால், /சிஸ்-ஐ வெறும் 'பைண்ட்' ஆக இணைத்திருப்பீர்கள். ஈஎஃப்ஐ மாறிகள் அதற்குள் தனி மவுண்டாக இருப்பதால் 'ஆர்பைண்ட்' தேவை.

தொகுப்புகளை இறக்கும்போது 'டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரிசொல்யூஷன்' வந்தால், ஈடிசி அடைவிலுள்ள ரிசால்வ்.கான்ஃப் கோப்பைப் பாருங்கள். பல நிறுவல்களில் அது /ரன் அடைவுக்குள் சுட்டும் இணைப்பு. லைவ் சூழலில் அந்த இலக்கு இல்லாவிட்டால் அறுந்து தொங்கும். அதன்மேல் நகலெடுக்கவும் 'சிபி' மறுத்துவிடும். இணைப்பை வேறு பெயருக்கு மாற்றி, லைவ் யுஎஸ்பியின் கோப்பை அங்கே வைத்து, வேலை முடிந்ததும் பழையபடி திருப்புங்கள்.

இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கும்போது கெர்னல் பதிப்பில் கவனம் தேவை. உள்ளே 'யூநேம் -ஆர்' காட்டுவது யுஎஸ்பியின் கெர்னல். பதிப்பைச் சொல்லாமல், இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கும் ட்ராகட்டை ஓட்டினால் அது அந்த எண்ணுக்கு உரிய மாட்யூல் அடைவைத் தேடித் தோற்கும். ஃபெடோரா வகையில் 'ட்ராகட் --ரீஜெனரேட்-ஆல் --ஃபோர்ஸ்', டெபியன், உபுண்டு வகையில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்', ஆர்ச்சில் பெரிய 'பி' விருப்பத்தோடு 'எம்கேஇனிட்சிபிஐஓ' என்று கொடுங்கள். அதற்கு முன் 'டிஎஃப் -எச்' கொண்டு /பூட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது நிரம்பி, பாதியில் நின்ற புதுப்பிப்பே பல நேரங்களில் மூலக் காரணமாக இருக்கிறது. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்சிடிஎல் 'ரன்னிங் இன் சிஎச்ரூட், இக்னோரிங்' என்று சொல்வது பிழை அல்ல. உள்ளே சேவைகளைத் தொடங்க முடியாது, ஆனால் 'எனேபிள்', 'டிஸேபிள்' இரண்டும் வேலை செய்யும்.

எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் ஒரு பாதுகாப்பு அமைப்பு) இயங்கும் நிறுவலில் கடவுச்சொல்லையோ ஈடிசி கோப்புகளையோ மாற்றியிருந்தால், வெளியேறும் முன் 'டச் /.ஆட்டோரீலேபிள்' கொடுத்துவிடுங்கள், விட்டுவிட்டால் புதிய கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைய முடியாமல் போகலாம். பிறகு 'எக்ஸிட்' கொடுத்து, /எம்என்டி-க்கு வெளியே ஓர் அடைவுக்கு வந்து, பெரிய 'ஆர்' விருப்பத்தோடு 'யுமவுண்ட்' கட்டளையை /எம்என்டி மேல் ஓட்டுங்கள். 'டார்கெட் இஸ் பிஸி' என்றால் ஏதோ ஒரு நிரல் இன்னும் அங்கே நிற்கிறது. 'ஃபியூசர் -விஎம் /எம்என்டி' பட்டியலில் அது எந்த நிரல் என்று பார்த்து, அதை மூடிய பிறகு மீண்டும் கழற்றி, மறுதொடக்கம் செய்யுங்கள்.