இ-பாஸ் காலத்தில் நீலகிரியில் சிறு விடுதி நடத்துவது எப்படி

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனில் நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்ற உச்சவரம்பும் வந்தது. அதை எதிர்த்து ஏப்ரல் 2 அன்று வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். மலை தாங்கும் அளவுக்குத்தான் கூட்டம் வரவேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆயினும் சீசன் வருமானத்தை வைத்தே ஆண்டை ஓட்டும் நான்கு அறை விடுதிக்கு, இரண்டு சனிக்கிழமைகள் காலியாகப் போனாலே வேலையாட்களின் சம்பளம் இடிக்கும்.

ஆகவே பாஸ் எடுப்பதை விருந்தினரின் பொறுப்பாக விட்டுவிடாமல் உங்கள் வேலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற சீசனில் எங்களிடம் அறை பிடித்த ஈரோட்டுக் குடும்பம் ஒன்று, முன்பணம் கட்டிய ரசீதே போதும் என்று நம்பிக் கல்லாறு சோதனைச்சாவடிக்கு வந்து நின்றது. செல்போனில் சார்ஜ் தீரும் நிலையில் அந்தத் தந்தை வண்டி எண்ணைச் சொல்லச் சொல்ல, நான் இங்கிருந்து விண்ணப்பத்தை நிரப்பினேன். பின்சீட்டில் குழந்தை அழுதுகொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அன்றிலிருந்து வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, வரும் நாள், வரும் வழி ஆகியவற்றைக் கேட்டு, பாஸ் வாட்ஸப்பில் வந்து சேர்ந்த பிறகே முன்பணம் வாங்குகிறேன். பாஸ் கிடைக்காவிட்டால் பிடித்தம் இல்லாமல் தேதியை மாற்றித் தருவோம் என்பதையும் எழுத்திலேயே அனுப்பிவிடுகிறேன். மைசூரு வழியாக வருபவர்களிடம், பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள்.

உச்சவரம்பில் எண்ணப்படுவது வண்டிதான், ஆள் அல்ல. நம் தொழிலுக்கு வழி திறப்பது இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து. அரசுப் பேருந்துக்கும் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயிலுக்கும் பாஸ் தேவையில்லை, டி.என். 43 பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. எனவே காரைக் கீழேயே விட்டுவிட்டுப் பேருந்தில் வருபவர்களை ஊட்டி பேருந்து நிலையத்தில் உள்ளூர் ஜீப் வைத்து அழைத்து வந்து, சுற்றிக்காட்டவும் அதே ஓட்டுநரை ஏற்பாடு செய்து, எல்லாவற்றையும் அறை வாடகையோடு ஒரே தொகையாகச் சொல்லிப் பாருங்கள். மலைப்பாதையில் ஓட்டப் பயப்படும் பெரியவர்கள் இதை விரும்பி வருகிறார்கள். உள்ளூர் ஓட்டுநருக்கும் பிழைப்பு நடக்கிறது.

செவ்வாய், புதன் கிழமைகளுக்கு வாடகையைக் குறைப்பதும் உதவும். சீசன் முடிந்தபின் ஓர் அறையையாவது மாத வாடகைக்கு விடலாம்.

ரத்தாகும் ஒவ்வொரு முன்பதிவையும் தேதி, காரணம், தொகையோடு நோட்டில் எழுதி வையுங்கள். சங்கத்தின் மூலம் மாவட்ட ஆட்சியரிடமோ நீதிமன்றத்திலோ முறையிடும் நாளில் அந்த நோட்டைத்தான் கேட்பார்கள்.