மீட்ட பூனைக்கு வீடு பிடிப்பது எப்படி? விளம்பரம் முதல் ஒப்படைப்பு வரை

தத்துக் கொடுத்த பூனை திரும்பி வந்தால் அதன் மேல் பழி போடாதீர்கள். விளம்பரத்தில் எழுதாமல் விட்ட ஒரு வரியோ, கேட்காமல் விட்ட ஒரு கேள்வியோதான் பெரும்பாலும் காரணம். சோறு வைப்பது, மண் தட்டு பழக்குவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் அவற்றைத் தாண்டிப் போகிறேன்.

1. முதலில் உடம்பு

14 நாள் தனி அறை. வீட்டில் வேறு பூனை இருந்தால் கிண்ணம், தட்டு எதுவும் பொதுவில் வேண்டாம். பான்லூகோபீனியா என்ற, பூனைகளைக் கொல்லக்கூடிய தொற்றுநோயின் வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஃபினாயிலுக்கு அது அசராது, ஃபினாயில் பூனைக்கும் விஷம். அழுக்கைக் கழுவிவிட்டு, 1 பங்கு திரவ ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள்.

குடற்புழு மருந்து கொடுங்கள். குட்டிக்குத் தடுப்பூசியை 6–8 வார வயதில் தொடங்கி, 16 வார வயது வரை 3–4 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் வைரஸ்) பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால் பதறாதீர்கள். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடியாக (நோய் எதிர்ப்புப் புரதம்) இருக்கலாம். 6 மாதம் கடந்ததும் மறுபடி பாருங்கள்.

கருத்தடையை நீங்களே முடித்துக் கொடுங்கள். "அப்புறம் செஞ்சுக்கறோம்" என்பதை நம்பினால், 4 மாதக் குட்டியே சினையாகி நிற்கும்.

2. படம்

தரையில் படுத்து, பூனையின் கண் மட்டத்தில் எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். கறுப்புப் பூனையை வெள்ளைத் துணியில் உட்கார வைத்தால் வெறும் நிழலாகத்தான் விழும். நடுத்தர நிறத் துணி போட்டு, திரையில் அதன் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். பத்துப் படத்தைவிட, அது விளையாடும் 15 விநாடி வீடியோ மேல்.

3. விளம்பரம்

"அழகான, அன்பான பூனை" என்று எழுதினால் யார் வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். "2 வயது, பெண், கருத்தடை ஆனது. மடியில் உட்காராது, பக்கத்தில் படுக்கும். நாய் ஆகாது. விடியற்காலை கத்தும்" என்று எழுதுங்கள். அழைப்பு குறையும், வருபவர்கள் தெரிந்தே வருவார்கள்.

4. ஆளைத் தேர்ந்தெடுப்பது

பலரும் சறுக்குவது இங்கேதான். "ஜன்னலுக்கு வலை இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்ற பதில் வரும். கொசுவலையும் வலைதான், பூனை நகம் பட்டால் கிழிந்துவிடும். ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளை விட்டுவிட்டு இப்படிக் கேளுங்கள்:

- பால்கனியையும் ஜன்னல்களையும் வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா?
- இதற்கு முன் வளர்த்த பூனை என்ன ஆனது?
- வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள்?
- வீட்டில் யாருக்கு இதில் இஷ்டமில்லை?

கடைசிக் கேள்விக்கு வரும் சிறு தயக்கத்தைக் கவனியுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். யாருக்காவது பரிசாகக் கொடுக்கக் கேட்டால் மறுத்துவிடலாம். வாங்கப்போகிறவர் நேரில் வந்து பேசட்டும்.

குட்டிகளை 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள், 12 வாரம் இன்னும் நல்லது. முடிந்தால் ஜோடியாகக் கொடுங்கள். தனிக்குட்டி பெரும்பாலும் மனிதர் கையைத்தான் கடித்து விளையாடப் பழகும்.

5. ஒப்படைப்பு

கெட்டியான பிளாஸ்டிக் கேரியர், மேல்பக்கமும் திறப்பது. துணிப்பை, அட்டைப்பெட்டி எல்லாம் வழியிலேயே கிழியும். பழகிய தீனி ஒரு வாரத்துக்கு, பழைய மண்ணில் ஒரு பிடி, அது படுத்த துவைக்காத துணி, தடுப்பூசி அட்டை ஆகியவற்றைக் கூடவே கொடுத்தனுப்புங்கள்.

கேரியரைக் கூடத்தில் திறக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். பூனை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் புகுந்துகொள்ளும், யாரோ வாசலைத் திறப்பார்கள், கதை முடிந்தது. ஒரே அறை, மூடிய கதவு, ஒளிய ஒரு பெட்டி. முதல் சில நாள் அது போதும்.

பின்சேர்க்கை: "சாப்பிடவே மாட்டேங்குது"

முதல் இரவு சாப்பிடாமல் ஒளிவது சகஜம். முழுதாக ஒரு நாள் எதுவும் தொடவில்லை என்றால் மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். குண்டுப் பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து ஆபத்தாகும்.

3ஆம் நாள், 3ஆம் வாரம், 3ஆம் மாதம் விசாரியுங்கள். ஒத்துவராவிட்டால் வேறு யாரிடமும் தள்ளிவிடாமல் உங்களிடமே திருப்பித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) இருந்தால் பதிவைப் புதியவர் பெயருக்கு மாற்றியாயிற்றா என்று அந்த முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். எல்லாரும் மறப்பது அதைத்தான்.