காணாமற்போகும் சிவப்புச் சேலை: சித்திரக்கதையில் நிறம், கறுப்பு வெள்ளை, தவிர்க்க வேண்டிய தவறுகள்

பச்சைத் தேயிலை மலை, நடுவில் சிவப்புச் சேலையில் கொழுந்து பறிக்கும் பெண். இலங்கையின் மலையகத்தைச் சித்திரக்கதையாக்க வருபவர்களில் பலர் முதலில் வரைவது இந்தக் கட்டத்தைத்தான். கம்ப்யூட்டர் திரையில் அவள் பளிச்சென்று தெரிவாள். அதே பக்கத்தை ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு கடையில் கறுப்பு வெள்ளையில் போட்டோகொப்பி எடுத்தால், செடிக்குள் அவளைத் தேட வேண்டியிருக்கும்.

என்ன நிறம் என்பது வேறு, அது எவ்வளவு வெளிச்சமானது என்பது வேறு. கறுப்பு வெள்ளைக்கு இரண்டாவது மட்டுமே தெரியும். கம்ப்யூட்டர் ஒரு நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் குறிக்கும்; ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. சாம்பலில் 0 கறுப்பு, 255 வெள்ளை. முழுச் சிவப்பை (255, 0, 0) வழமையான கணக்கின்படி சாம்பலாக்கினால் 76 வரும். முற்றிய தேயிலை இலைக்கு எடுக்கும் கரும்பச்சை (0, 128, 0) 75 ஆகும். எதிரும் புதிருமான இரு நிறங்கள் சாம்பலில் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் நிறம் தீட்டுவதற்கு முன்பே பக்கத்தை வெள்ளை, நடுச்சாம்பல், கறுப்பு என்ற மூன்றே தரத்தில் சிறிதாக வரைந்து பாருங்கள். உள்ளங்கையளவு படத்தில் ஆள் தெரிந்தால் போதும். சேலையை வெளிறிய மஞ்சளாக்கலாம். அல்லது சிவப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னாலுள்ள செடிகளை இளங்கொழுந்தின் மஞ்சள் கலந்த பச்சைக்கு மாற்றலாம்.

கறுப்பு வெள்ளையிலேயே வரைபவர்கள் செய்யும் தவறு வேறு: இலை இலையாக மலை முழுவதையும் நிரப்புவது. உழைப்பெல்லாம் போய், ஆளும் கூடையும் அந்தக் கிறுக்கலில் மூழ்கிவிடும். முன்னாலுள்ள இரண்டு மூன்று செடிகளுக்கு மட்டும் இலை வரையுங்கள். மற்றவை நிரை நிரையாக ஓடும் கோடுகளாக இருக்கட்டும்.

பனிமூட்டத்தைச் சாம்பல் பூசிக் காட்டுவதும் பரவலான பிழை. அப்படிப் பூசினால் அது புகையாகத்தான் தெரியும். பனியில் தூரத்துப் பொருளின் கறுப்பு வெளிறுகிறது, ஓரம் அறுந்து போகிறது. அருகிலுள்ள லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) 0.5 மில்லிமீற்றர் பேனா, அடுத்த மேட்டுக்கு 0.3, கடைசி மலைக்கு 0.1, அதுவும் விட்டுவிட்டு. மீதியைக் காகிதத்தின் வெள்ளையே பார்த்துக்கொள்ளும். நிறத்தில் செய்வதானால் தூரம் கூடக் கூட எல்லா நிறமும் வெளிறிய நீலச்சாம்பலை நோக்கி நகர வேண்டும்.

நிறம் ஊரில் என்ன சொல்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. வீதியோரம் வெள்ளைக் கொடி கட்டியிருந்தால் அது சாவு வீடு என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கறுப்பு வெள்ளைக் கதையில் நிறம் தீட்டாத எல்லாமே வெள்ளைதான்! திருவிழாக் கொடியும் சாவு வீட்டுக் கொடியும் ஒன்றாகிவிடும். எனவே திருவிழாக் கொடிகளுக்குக் கோடோ புள்ளியோ போட்டு, வெறும் வெள்ளையை மரணத்துக்கே ஒதுக்குங்கள். தேர்தல் காட்சியில் இன்னும் கவனம் வேண்டும். பச்சைச் சட்டை ஐக்கிய தேசியக் கட்சி, நீலம் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி, சிவப்பு ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) என்றுதான் வாசகர் படிப்பார். நீங்கள் அழகுக்காகத் தேர்ந்திருந்தாலும் அப்படித்தான்.

தோலின் நிறம் இதைவிடப் பாரதூரமானது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் முகத்தை வெறும் காகிதமாக விட்டு, தொழிலாளியின் முகத்தில் மட்டும் குறுக்குக்கோடு அடித்தால், அந்தக் கோடு அழுக்காகவும் களைப்பாகவும் வாசிக்கப்படும். முகத்தில் நிழல் விழுந்தால் எல்லா முகத்திலும் விழட்டும், வெளிச்சம் வரும் பக்கத்தைப் பொறுத்து. இந்த ஒன்றில் விட்டுக்கொடுப்பே வேண்டாம்.

சாம்பலை நம்பி அச்சுக்குப் போவதும் ஆபத்து. அமெரிக்கச் சித்திரக்கதை நாயகன் ஹல்க் 1962இல் முதல் இதழில் சாம்பல் நிறத்தவனாகத்தான் வந்தான். அச்சில் அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் மாறியதால் அடுத்த இதழிலேயே பச்சையாக்கினார்கள். போட்டோகொப்பியில் இளஞ்சாம்பல் காணாமற்போகும், அடர்சாம்பல் கறுப்பாக இறுகும். 10 முதல் 100 சதவீதம் வரை பத்துப் பெட்டிகள் வரைந்து, கொப்பி எடுக்கப்போகும் அதே இயந்திரத்தில் சோதியுங்கள். பிழைத்து வரும் மூன்று தரங்களை மட்டும் பயன்படுத்துங்கள். ஏ4 அளவில் வரைந்து ஏ5 ஆகச் சுருக்கினால் கோடும் 71 சதவீதமாகும். 0.3 கோடு 0.2க்கு வந்துவிடும், நெருங்கிய கோடுகள் ஒட்டிக்கொள்ளும். கோட்டுக்குக் கோடு 1 மில்லிமீற்றராவது விடுங்கள்.

ஒரே ஒரு நிறத்தைச் சேர்ப்பவர்கள் அதைச் சீக்கிரம் செலவழித்துவிடுகிறார்கள். தாயின் பொட்டுக்குச் சிவப்பு என்றால் தபால்பெட்டிக்கும் கோயில் துணிக்கும் சிவப்புக் கூடாது. அப்பொட்டு அழிந்த பக்கத்தில் வாசகர் அதைத் தேட வேண்டுமானால், அதுவரை வேறெங்கும் அந்த நிறம் வந்திருக்கக் கூடாது.

வண்ண அச்சுக்கு அனுப்பும்போது பேச்சுக் குமிழியின் எழுத்தைக் கறுப்பு மையில் மட்டும் 100 சதவீதமாக வையுங்கள். வண்ண அச்சின் நான்கு மையும் (நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) கலந்த கறுப்பில் அச்சுத் தட்டு இம்மி விலகினாலும் எழுத்தோரத்தில் நிறம் கசியும். வண்ணப் பக்கங்களுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். கறுப்புக் கோட்டுக்கு 600க்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். திரையில் மின்னும் கொழுந்துப் பச்சை அச்சில் மங்கித்தான் வரும். அதனால் முழுப் புத்தகத்துக்கு முன் ஒரு பக்கத்தை அச்சடித்து, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.